மண்டையோட்டுக்கு முதற்பரிசு

டிசம்பர் 1 நெருங்கினால் வளாகங்களில் சிவப்பு நாடா குத்திக்கொள்ள ஆள் குறைவதில்லை. ஊர்வலம், தெரு நாடகம், மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு, கூடவே சுவரொட்டிப் போட்டி. உலக எய்ட்ஸ் தினம் 1988இல் தொடங்கியது. சுவரொட்டிகளின் கற்பனை இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. மண்டையோடு, பெண்ணுடலைச் சுற்றிய பாம்பு, சிலந்தி வலையில் சிக்கிய இளைஞன், அடியில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரி. பரிசும் பெரும்பாலும் இவற்றுக்கே போகிறது.

மட்டக்களப்பின் கல்லடியில் இதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை அதிகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அங்கேதான் இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஓவியமும் நாடகமும் நடனமும் இசையும் படிக்கும் இளைஞர்கள் கூடும் இடம் அது. கலை வழியே பாலியல் நலம் சொல்ல இலங்கைத் தமிழரிடையே இதைவிடப் பொருத்தமான மண் கிடையாது.

"ஒன்றும் பேசாமல் இருப்பதைவிட இது மேல்தானே" என்பார்கள். நியாயம்தான். பள்ளியில் இதைப் பேசக்கூடிய சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 10இலிருந்து விருப்பப் பாடமாகிவிடுகிறது. தரம் 7க்கென எழுதப்பட்ட பாலியல் கல்வி நூலொன்று பிக்குகளின் எதிர்ப்புக்குப் பிறகு ஓரங்கட்டப்பட்டது. இப்படிப்பட்ட நாட்டில் 'ஆணுறை' என்ற சொல்லை ஒரு மேடை உரக்கச் சொல்வதே முன்னேற்றம். ஆனால் பேசுவது என்ன என்று பார்க்கும்போது அந்த நியாயம் தேய்ந்துபோகிறது.

அச்சமூட்டல் தடுப்பு ஆகாது. 1987இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. சாவின் உருவம் பந்தை உருட்டி, வரிசையில் நின்ற ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சாய்க்கும். நாடே நடுங்கியது. தொற்றுக்கு அதிக வாய்ப்பில்லாதவர்கள் பரிசோதனைக்கு முண்டியடித்தார்கள். தன்பாலீர்ப்பு ஆண்களோ அந்தச் சாவுருவமே தாங்கள்தான் என்று ஊர் பார்ப்பதாக உணர்ந்தார்கள். நம் சுவரொட்டிகள் அந்த மண்டையோட்டை இன்னும் விடவில்லை.

இதற்கிடையில் மருத்துவம் எங்கோ போய்விட்டது. இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். அதை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவாது. ஆபத்தான தொடர்புக்குப் பிறகு 72 மணிநேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் தொற்றைத் தடுக்க வாய்ப்புண்டு. வளாக இளைஞருக்கு மிகவும் பயன்படக்கூடிய எண் அந்த 72. எந்த மண்டையோட்டின் அடியிலும் அதைக் காண முடிவதில்லை.

எய்ட்ஸ் என்ற ஒரே சொல் மற்ற தொற்றுகள் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. சிபிலிஸை எடுத்துக்கொள்வோம். தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். "மாறிட்டுது" என்று விடுதி மாணவன் நிம்மதியாகத் தூங்குவான். கிருமி அவன் உடலுக்குள்ளேயே இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் பெனிசிலின் ஊசியோடு தீர்ந்துவிடும் நோய் இது. கிளமிடியாவோ பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டுவதில்லை. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, குணப்படுத்தக்கூடிய பாலியல் தொற்றுகள் நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புதிதாக ஏற்படுகின்றன. பாம்புப் படத்தைப் பார்த்த மாணவிக்கு இவற்றில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்க்கான கிளினிக் இருக்கிறது. கட்டணம் இல்லை, வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விபரம் வெளியே போகாது. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரம்தான். அங்கே போகத் தடை தூரம் அல்ல, வெட்கம். கிளினிக் வாசலில் அயலவர் கண்டால்? ஃபாமசியில் ஆணுறை கேட்கும்போது அப்பாவைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால்? இந்த வெட்கத்தைக் கரைப்பதுதான் கலையின் வேலை. "நோய் வந்தவன் ஒழுக்கம் கெட்டவன்" என்று சொல்லும் நாடகமோ அதன்மேல் இன்னொரு சுவரைக் கட்டுகிறது.

ஒழுக்கம் பேசாமலேயே இலங்கை சாதித்த ஒன்று உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்ததாக 2019 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. கர்ப்பிணிக் கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாருக்கும் பரிசோதனை வழமையாக்கப்பட்டது. இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் அதுவும் ஒரு சோதனை. அவர்களின் நடத்தையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அதே நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுகள் 2021இல் 411ஆக இருந்து 2022இல் 607ஆக உயர்ந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் குறைந்த பரிசோதனை மீண்டும் கூடியதும் இதற்கு ஒரு காரணமாகலாம். அப்படியானால் பரிசோதனைக்கு ஆளை வரவைப்பதே முதல் வேலை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மட்டக்களப்புக்கு இதற்கான கலை வழி தெரியாததும் அல்ல. நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பழைய கதைகளில் பெண்ணையும் ஒடுக்கப்பட்டவரையும் காட்டும் விதத்தை ஆடுபவர்களோடும் ஊரோடும் உட்கார்ந்து பேசித் திருத்தியது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையும் ஊராரையும் கேட்டுக் கூத்தையே மாற்றத் துணிந்த மண், எய்ட்ஸ் நாடகம் என்றதும் ஏன் கெட்ட பெண், ஏமாந்த பையன், கட்டிலில் மரணம் என்ற வார்ப்புக்குள் போய் விழுகிறது? அதை எழுதுபவர்கள் ஒருநாளாவது கிளினிக்கின் தாதியோடு பேசியிருந்தால் அந்தக் கட்டில் காட்சி நிலைத்திருக்காது.

சுவரொட்டிப் போட்டி நடத்துவோர் விதியை மாற்றலாம். மண்டையோட்டுக்கு இடமில்லை என்று முதலிலேயே அறிவிக்கலாம். நடுவர்களில் ஒருவர் பாலியல் நோய்க் கிளினிக்கில் வேலை செய்பவராக இருக்கட்டும். கிளினிக் இருக்கும் இடமும் திறக்கும் நேரமும் 72 மணிநேரமும் படத்துக்குள் இல்லையென்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசுக்கு எடுக்கக் கூடாது. வென்ற படம் டிசம்பர் 2ஆம் திகதி மண்டபத்திலிருந்து கழற்றப்பட்டு, ஆண்டு முழுவதும் விடுதிக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட வேண்டும். யாரும் பார்க்காமல் மாணவர் அதைப் படிக்கக்கூடிய இடம் அதுதான்.