தமிழ்த் திரையில் வரம்பு மீறிய காதல்: படங்களும் பார்வையாளர்களும்

திருமணத்துக்கு வெளியே முளைக்கும் உறவு, வயது வித்தியாசம் பாராத காதல், பெண்ணின் உடல் வேட்கை ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசும் படங்கள் தமிழில் 1970களில் தொடர்ச்சியாக வரத் தொடங்கின. அவற்றில் சில வெள்ளிவிழா கண்டன. சில, வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துக் கொண்டாடப்பட்டன. துணிச்சல் எவ்வளவு என்பதை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. வரம்பைத் தாண்டியவர்களைக் கதை கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே பெரும்பாலும் தீர்ப்பை முடிவு செய்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டச்சுப் படம் உதவும். யான் வோல்கர்ஸ் 1969இல் எழுதிய நாவலைத் தழுவி பால் வெர்ஹோவன் இயக்கிய ‘டர்க்ஸ் ஃப்ருய்ட்’ 1973இல் வெளியானது. சிற்பி ஒருவனும் ஓல்கா என்ற இளம்பெண்ணும் கண்மண் தெரியாமல் காதலித்து, மணந்து, பிரிகிறார்கள். பிறகு ஓல்காவுக்கு மூளையில் கட்டி வருகிறது. பல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், மெத்தென்ற துருக்கி இனிப்பைத் தவிர எதையும் அவள் வாயில் வைக்க மறுக்கிறாள். படத்தின் பெயரே அந்த இனிப்புதான். நிர்வாணமும் ஆபாசப் பேச்சும் மிகுந்த இப்படத்துக்குச் சுமார் 1.3 கோடி மக்கள் வாழ்ந்த நெதர்லாந்தில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 1999இல் நூற்றாண்டின் சிறந்த டச்சுப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. தேவாலயத்தின் பிடி தளர்ந்துகொண்டிருந்த அந்தச் சமூகத்தை வோல்கர்ஸின் நாவல் ஏற்கெனவே பழக்கியிருந்தது.

தமிழிலும் அச்சு எழுத்துதான் முதலில் வழி திறந்தது. மழையில் நனைந்து நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் சென்று ஒருவன் கெடுத்துவிட, வீடு திரும்பியவளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுவதாக ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. வாசகர்களிடையே பெரும் சர்ச்சை மூண்டது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொடர்ந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏ. பீம்சிங் 1977இல் அதைப் படமாக்கினார். நாயகி கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். கதையோடு பத்தாண்டுக்கும் மேலாக வாதாடிப் பழகிய ஒரு கூட்டம் இந்தப் படத்துக்கு இருந்தது.

அப்படி எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் நேரடியாகத் திரையில் மோதியவர் கே. பாலசந்தர். டச்சுப் படம் வந்த அதே 1973இல் அவருடைய ‘அரங்கேற்றம்’ வெளியானது. வறுமையில் வாடும் புரோகிதர் குடும்பத்தின் மூத்த மகள் உடலை விற்று உடன்பிறந்தவர்களைக் கரையேற்றுகிறாள். பிராமணர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது, படம் ஓடியது. 1975இல் வந்த ‘அபூர்வ ராகங்கள்’ இன்னும் சிக்கலான முடிச்சைப் போட்டது. தன்னைவிட மூத்த பாடகி பைரவியை இளைஞன் பிரசன்னா விரும்ப, அவள் மகளோ அவனுடைய தந்தையை மணக்க நினைக்கிறாள். யார் யாருக்கு என்ன உறவு என்ற விக்கிரமாதித்தன் கதைப் புதிராகவே படம் நகர்கிறது. பைரவியை விட்டுப்போன கணவன் பாண்டியனாக ரஜினிகாந்த் அறிமுகமானார். கடைசிக் கச்சேரியில் மகள் தாயிடமும், மகன் தந்தையிடமும் திரும்பிவிடுகிறார்கள். முடிச்சு அவிழாமலே முறை காப்பாற்றப்படுகிறது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வசூலும் சேர்ந்தே கிடைத்தன.

அந்த ஆறுதலைத் தர மறுத்த படம், சி. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. 1978 தீபாவளியையொட்டிக் கருப்பு வெள்ளையில் வந்த இப்படத்தின் எழுத்தில் வண்ணநிலவன், அனந்து, கே. ராஜேஷ்வர் ஆகியோருக்குப் பங்குண்டு. கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் நடித்தும், படத்தின் மையம் ஸ்ரீப்ரியா ஏற்ற மஞ்சுதான். ஆண்களிடம் பட்ட காயங்களை மறைக்காத, யாரிடமும் மன்னிப்புக் கேட்காத பெண் அவள். தயங்கித் தயங்கிக் காலம் கடத்திய ஆவணப்பட இயக்குநர் அருண் வேறு பெண்ணை மணந்து வருகிறான். காரில் செல்லும்போது, பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு புது மனைவியைக் கேட்கிறாள். தனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. கார் அவளை நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறது. மஞ்சு திருந்தவும் இல்லை, சாகவும் இல்லை. முதல் வெளியீட்டில் படம் தோற்றது. விமர்சகர்களும் பின்னாளில் திரைப்படச் சங்கங்களும் அதை உயர்த்திப் பிடித்தன. ருத்ரய்யா அதன் பிறகு இயக்கிய படம் ஒன்றே ஒன்று.

1985இல் வந்த இரு வெற்றிகள் இந்தக் கணக்கை உறுதி செய்கின்றன. பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில், இல்லறத்தில் இன்பம் காணாத ஊர்ப் பெரியவருக்கும் படகோட்டும் இளம்பெண் குயிலுக்கும் இடையே அன்பு மலர்கிறது. சிவாஜி கணேசனும் ராதாவும் நடித்த அந்த உறவு மனத்தளவிலேயே நின்று, மரணத்தில் முடிகிறது. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் பாடகரின் காதலி சிந்து, பெற்ற குழந்தையை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். சிந்துவாக நடித்த சுஹாசினிக்குத் தேசிய விருது கிடைத்தது. இரண்டிலும் விலகியவள், விலை கொடுத்தவள் பெண்ணே.

வணிக அமைப்புக்கும் இதில் பங்குண்டு. விநியோகஸ்தர்கள் தமிழகத்தை ஏரியாக்களாகவும், ஊர்களைப் பெருநகரம் முதல் கிராமம் வரை ஏ, பி, சி சென்டர்களாகவும் பிரித்தே படம் வாங்கினார்கள். நகரத்தின் ஏ சென்டரில் மட்டும் எடுபடும் படத்தால் போட்ட முதலை எடுப்பது கடினம். கிராமத்து மண்ணும் இளையராஜாவின் பாட்டும் ‘முதல் மரியாதை’யை எல்லா சென்டருக்கும் கொண்டுசென்றன, மஞ்சுவின் தர்க்கத்துக்கு அந்த வசதி இல்லை.

சட்டத்தைவிடச் சமூகத்தின் தணிக்கைதான் கடுமையாக இருந்தது. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970இல் திரைப்பட முன்தணிக்கையை ஏற்ற உச்ச நீதிமன்றம், ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் 1989இல், போராட்ட மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்றது. ஆயினும் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் கருத்துச் சொன்ன நடிகை குஷ்பு மீது இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. 2010இல்தான் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. திரையில் பைரவியை ரசித்த ஊர், நிஜத்தில் ஒரு பெண் பேசியதைப் பொறுக்கவில்லை.

அண்மைக் காலத்தில் தண்டிக்கும் முடிவுகள் குறைந்துவருகின்றன. தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019), கணவனுக்குத் துரோகம் செய்த மனைவியையும் திருநங்கையாக வீடு திரும்பிய தந்தையையும் குடும்பத்துக்குள்ளேயே வாழ விடுகிறது. பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) சாதி மறுப்புக் காதலையும் தன்பாலினக் காதலையும் ஒரே நாடகக் குழுவுக்குள் விவாதப் பொருளாக்குகிறது. அதன் நாயகி ரெனே, மஞ்சுவைப் போலவே யாருக்கும் வளைந்து கொடுக்காதவள். இப்படங்களுக்கு எதிர்ப்பும் பாராட்டும் கலந்தே வந்தன. ஆனால் 1978இல் ‘அவள் அப்படித்தான்’ படத்துக்கு நேர்ந்ததுபோல் இவை கவனிக்கப்படாமல் போகவில்லை. வந்த வாரத்திலேயே பரவலாக விவாதிக்கப்பட்டன; ஓடிடி வழியாகத் தியேட்டர் ஓட்டத்துக்குப் பிறகும் பார்வையாளர்களைச் சேர்க்கின்றன. ஏ சென்டர், சி சென்டர் என்ற பழைய பிரிவும் அந்தத் திரையில் செல்லுபடியாவதில்லை.