காவியும் கருப்பங்கியும்: சேதுநாட்டில் கத்தோலிக்கக் குருக்களின் உடை குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கத்தோலிக்கக் குருக்களின் உடை பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘எளிமையா, மரபா’ என்னும் வினாவாகவே முன்வைக்கப்படுகிறது. இவ்விரண்டும் எதிரெதிரானவை என்னும் முன்முடிவைச் சேதுநாட்டு மறைப்பணி வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கருப்பங்கி, சந்நியாசிக் காவி, பண்டாரசாமி உடை, அங்கவஸ்திரம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, ஓர் உடையின் எளிமையை அதன் துணி தீர்மானிப்பதில்லை என்றும், அது அணிபவரை யாரிடம் சேர்க்கிறது, யாரிடமிருந்து விலக்குகிறது என்பதே உரிய அளவுகோல் என்றும் நிறுவ முயல்கிறது.

முன்னுரை

கீழக்கரை என்றதும் தமிழாய்வுலகின் நினைவுக்கு வருபவர்கள் வள்ளல் சீதக்காதியும் அவரால் ஆதரிக்கப்பெற்ற உமறுப்புலவரும் ஆவர். இவ்வூரை நடுவாகக் கொண்ட கடற்கரையோ கிறித்தவ மறைப்பணியின் தொடக்கக் களங்களுள் ஒன்றுமாகும். கீழக்கரைக்குக் கிழக்கே உள்ள வேதாளையில் இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி 1549-இல் கொல்லப்பட்டார். வடக்கே உள்ள ஓரியூரில் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரித்தோ 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தார். இருவரும் ஒரே சபையினர். ஆனால், கிரிமினாலியின் காலத்தில் இக்கரையில் மறைப்பணி ஆற்றியோர் ஐரோப்பியக் குருவாகவே அறியப்பட்டனர். அருளானந்தரோ காவியுடுத்திய பண்டாரசாமியாக அறியப்பட்டார். இடைப்பட்ட 144 ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தை எளிமையின் வெற்றியாகவும் பண்பாட்டு இணக்கத்தின் வெற்றியாகவும் ஒருசேரப் புகழ்வது தமிழ்க் கிறித்தவ வரலாற்று நூல்களின் பொதுவழக்கு. இப்புகழுரையின் உள்ளே மறைந்து நிற்கும் முரண் கவனிக்கத்தக்கது.

கருப்பங்கியின் இரு பொருள்கள்

புனித பிரான்சிசு சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நைந்த அங்கியும் வெறுங்காலுமாகப் பரதவர் ஊர்களில் நடந்த அவருடைய தோற்றம் வறுமையின் அடையாளமாக நினைவில் நின்றுவிட்டது. பரதவர் பார்வையில் அது சரியான வாசிப்பே. எனினும், பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றதற்கு, முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக இசுலாமிய வணிகருடன் ஏற்பட்ட பூசலும் அதில் அவர்கள் நாடிய போர்த்துகேயப் பாதுகாப்பும் பின்புலமாக இருந்தன. ஆகவே, பரதவருக்குக் காவலாகத் தெரிந்த அதே அங்கி, கீழக்கரை போன்ற துறைமுகங்களின் மரக்காயர் கண்ணுக்குப் போட்டியாளரின் கப்பலோடு வந்திறங்கிய உடையாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கி எவ்வளவு நைந்திருந்தாலும் இந்தப் பொருள் மாறாது.

உள்நாட்டில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் குரு 1595 முதல் சிறு கோயிலும் பள்ளியும் மருந்தகமும் நடத்தி வந்தார். அவரது கருப்பங்கி ‘பரங்கி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. புலாலும் மதுவும் கொள்பவர், தூய்மை பேணாதவர் என்பன அச்சொல்லின் அக்காலப் பொருள்கள். ஐரோப்பாவில் உலகத் துறவைக் குறித்த உடை, வைகைக் கரையில் துறவின்மையைக் குறித்தது. உடுத்துபவரின் உள்ளக்கிடக்கையைக் காண்பவர் நேரடியாக அறிய இயலாது. தமக்குப் பழகிய குறிகளைக் கொண்டே அவர் அதனை வாசிக்கிறார்.

காவி: துறவும் தூரமும்

1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி இதனை உணர்ந்தார். தத்துவ போதகர் என்னும் பெயருடன் காவியாடை, பாதக்குறடு, தண்டு, கமண்டலம் ஆகியவற்றை ஏற்றார். புலால் நீக்கி ஒருவேளை உணவு கொண்டார். இவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்பது அவர் இலத்தீனில் எழுதிய விளக்கங்களின் மையவாதம். பெர்னாந்தசு 1610-இல் உரோமைக்கு முறையிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய அவையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில வரையறைகளுடன் அனுமதித்தார்.

இவ்வழக்கைப் ‘பிடிவாதமான மரபுக்கும் திறந்த மனத்துக்கும் இடையிலான மோதல்’ என்று சித்திரிப்பது எளிது. அது பாதி உண்மையே. காவியும் ஒரு மரபுதான். அது பிறிதொரு சமூகத்தின் மரபு. அச்சமூகத்தின் படிநிலையும் அதனோடு சேர்ந்தே வந்தது. பிராமண சந்நியாசியாக ஏற்கப்படும் பொருட்டு தெ நொபிலி தனி இல்லத்தில் வாழ்ந்தார். சபைத் தோழரான பெர்னாந்தசுடன் உணவருந்துவதையும் தவிர்த்தார். ஒடுக்கப்பட்ட சாதியினரை வெளிப்படையாக அணுகுதல் அவரது நிலைக்கு இயலாததாயிற்று. துணியளவில் காவி அங்கியினும் எளியது. உறவளவில் அது அங்கியினும் உயரமான மதில். 1623-ஆம் ஆண்டு ஆணையே இதற்குச் சான்று தருகிறது. சின்னங்களை அனுமதித்த அவ்வாணை, குலப்பெருமை கொண்டு எளியோரை இகழலாகாது என்ற அறிவுரையையும் இறுதியில் இணைத்திருக்கிறது. அனுமதியின் விலை என்ன என்பதை அதனை வழங்கியவர்களே ஓரளவு உணர்ந்திருந்தனர் எனக் கொள்ளலாம்.

பண்டாரசாமி: இடைவழியும் அதன் எல்லையும்

இந்த மதிலைத் தாண்டும் முயற்சியாக ஏறத்தாழ 1640-இல் பண்டாரசாமி முறை தோன்றியது. பல்தசார் தா கோஸ்தா இதனைத் தொடங்கியவராக அறியப்படுகிறார். பிராமணரல்லாத சைவத் துறவியரின் கோலத்தை ஒட்டிய இவ்வுடை, பல சாதியினரிடையே நடமாட இடமளித்தது. அருளானந்தர் மறவர் நாட்டிற்குள் நுழைந்தது இவ்வுடையில்தான். இளமையில் அவர் கடும் நோயிலிருந்து மீண்டபோது, தாயின் நேர்ச்சைப்படி போர்த்துகேய அரசவையிலேயே ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிந்தார். அரண்மனையில் கருப்பங்கியும் சேதுநாட்டில் காவியும் அணிந்த அவரது வாழ்வு, இரண்டும் சூழலால் பொருள்பெறுபவை என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

காவி ஒரு மாறுவேடம் என்னும் குற்றச்சாட்டையும் இங்கு எடைபோடலாம். தடியத்தேவர் திருமுழுக்குப் பெறும்பொருட்டு ஒரு மனைவியைத் தவிர மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவரது முறையீடே அருளானந்தரின் கொலைக்கு உடனடிக் காரணமாயிற்று. உடை அந்நியத்தன்மையைத் தணித்தது. போதனை எழுப்பிய மோதலை அது மறைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. எனவே வேடம் என்னும் சொல் இவருக்குப் பொருந்தாது.

எனினும் பண்டாரசாமி முறையும் சாதி எல்லையை முற்றிலும் கடக்கவில்லை. 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையர் இல்லங்களுக்குக் குருக்கள் சென்று அருளடையாளங்கள் வழங்கவேண்டும் என வற்புறுத்தியது. ஆணையிட்டு வற்புறுத்த நேர்ந்ததே அச்செயல் இயல்பாக நடைபெறவில்லை என்பதைக் காட்டும். 1744-இல் இவ்வழக்கு முடிவுக்கு வந்தபோது கண்ட தீர்வு, பறையர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்துவதாகும். ஓர் உடையால் இணைக்க முடியாதவர்களுக்கு இருவகைக் குருக்கள் வகுக்கப்பட்டனர்.

ஆடம்பரமும் தமிழ்மரபே

தமிழ்மரபு என்பது துறவியின் எளிமையை மட்டுமே குறிக்கும் என்ற எண்ணத்தை வீரமாமுனிவர் (1680–1747) பற்றிய சித்திரம் கலைக்கிறது. முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய வரலாறு அவரை முத்துக் கடுக்கன், தலைப்பாகை, பல்லக்கு, புலித்தோல் இருக்கை ஆகியவற்றோடு காட்டுகிறது. இவ்விவரங்களின் நம்பகத்தன்மையைப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர். மெய்ம்மை எதுவாயினும், முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்து ஒரு தமிழ்க் கிறித்தவர் தம் ஆசானைப் பெருமைப்படுத்த எண்ணியபோது மடாதிபதியின் கோலத்தையே தேர்ந்தார் என்பது முக்கியமானது. வாசகரும் அதனை இழுக்காகக் கருதவில்லை. ஓட்டாண்டியும் பல்லக்கேறும் சந்நிதானமும் ஒரே மண்ணின் இரு மரபுகள். ‘மரபுக்குத் திரும்புவோம்’ என்னும் அழைப்பு, எம்மரபுக்கு என்ற வினாவை விடையின்றி விட்டுவிடுகிறது.

எளிமையும் பகட்டாகலாம்

திருச்சபையின் பொதுமரபிலும் இச்சிக்கல் பழையது. கி.பி. 428-இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் தென்கால் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், தனியுடை அணிந்து வேறுபட்டுத் தோன்றுவோரைக் கண்டித்தார். குருக்கள் ஆடையால் அல்லாமல் போதனையாலும் ஒழுக்கத்தாலும் வேறுபட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் கண்டித்தது பட்டாடையை அன்று. துறவியரின் போர்வையையும் இடைக்கச்சையையும். எளிய உடையே கவனத்தை ஈர்க்கும் பகட்டாகலாம் என்பதை ஐந்தாம் நூற்றாண்டே கண்டிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைவிளக்கம், வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே திருவுடைகளில் நாடுமாறு கூறியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமோ, குருக்களின் உடையை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் நெறிகளுக்கும் இடத்து வழக்கத்திற்கும் விட்டது. அங்ஙனம் விடப்பட்ட ‘இடத்து வழக்கம்’ யாருடைய வழக்கம் என்பதே சேதுநாடு எழுப்பும் கேள்வி.

அங்கவஸ்திரமும் இராமநாதபுரத்து நினைவும்

1969-இல் இந்தியாவிற்கென அனுமதிக்கப்பட்ட 12 வழிபாட்டுத் தகவமைப்புகளுள், மரபான உரோமைத் திருவுடைகளுக்கு மாற்றாக ஒற்றை மேலாடையும் அங்கவஸ்திரமும் அணியலாம் என்பதும் ஒன்று. செலவு குறைவு, வெப்பத்திற்கு ஏற்றது, மண்ணுக்குரியது என மூன்று நிலையிலும் இது எளிமையே. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கப்பெற்ற சாந்திவனமும் காவியைப் புதுப்பித்திருந்தது.

ஆனால் மேல்துண்டு இராமநாதபுரத்தில் நடுநிலையான துணியன்று. 1930-இல் இம்மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தலாகாது, பெண்டிர் மேலாடை அணியலாகாது, நகை, குடை, செருப்பு கூடாது என்பன அவற்றுள் அடங்கும். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்துள்ளார். இந்நினைவைச் சுமக்கும் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் கோயிலில் குருவின் தோளில் கிடக்கும் அங்கவஸ்திரம் என்ன பொருள்படும்? ஒருவருக்கு அது தாய்மண்ணின் எளிமை. மற்றொருவருக்குத் தம் பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட துணி. பண்பாட்டுமயமாதல் என்னும் பெயரில் மேல்சாதிக் குறிகளே கோயிலுக்குள் வந்தன எனத் தலித் கிறித்தவச் சிந்தனையாளர் எழுப்பிய விமரிசனத்தின் அடிப்படை இதுவே. ஐரோப்பிய வெள்ளை அங்கி சாதியற்ற உடையாக அவர்களுள் சிலருக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது முரணன்று. பெர்னாந்தசின் அங்கி பெற்ற இழிவே இங்கு அதன் நன்மையாகத் திரும்பியிருக்கிறது.

முடிவுரை

நான்கு உடைகளும் நான்கு முடிவுகளைத் தருகின்றன. கருப்பங்கி பரதவரிடம் சேர்த்தது, உள்நாட்டாரிடமிருந்து விலக்கியது. சந்நியாசிக் காவி மேலோரிடம் சேர்த்தது, ஒடுக்கப்பட்டோரிடமிருந்து விலக்கியது. பண்டாரசாமி உடை பரந்த வட்டத்தை எட்டியும் சேரியின் வாயிலில் தயங்கியது. அங்கவஸ்திரம் அயன்மையை நீக்கியபோது பழைய படிநிலையின் சாயலைக் கொணர்ந்தது. இவற்றுள் எதுவும் மரபற்ற எளிமையன்று. எதுவும் தன்னளவில் ஆடம்பரமும் அன்று.

எனவே எளிமை, மரபு என்னும் இருமையை ஆய்வின் தொடக்கப்புள்ளியாகக் கொள்வது பொருத்தமற்றது. ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஓர் உடை யார் வீட்டு வாசலைத் திறந்தது, யார் வீட்டு வாசலை அடைத்தது என்று வினவுவதே பயன்தரும் முறை. ஓரியூரில் இன்று சாதி சமய வேறுபாடின்றிக் கூடும் மக்கள் முன் அருளானந்தர் காவியுடனேயே காட்சியளிக்கிறார். அக்காவியை இன்றைய கூட்டம் முழுமைக்கும் உரியதாக்கியது அதன் நிறமோ விலையோ அல்ல. அதை உடுத்தியவர் அவர்கள் மண்ணில் சிந்திய குருதியே.