மழைக்குத் தேதி உண்டு: காக்ஸ் பஜாரும் ஸ்ஃபியர் கையேடும்

ஜூன் மாதம் வந்தால் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பிக்கும். ரோஹிங்யா முகாம்களில் கனமழை, மண்சரிவு, இத்தனை குடிசைகள் சேதம், இத்தனை தார்ப்பாய்கள் விநியோகம். 2018 செய்தியையும் 2021 செய்தியையும் 2024 செய்தியையும் வருடத்தை மறைத்துவிட்டுக் கொடுத்தால் எது எதுன்னு கண்டுபிடிக்க எனக்கே கஷ்டம். 2021 ஜூலை கடைசியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் குறைந்தது 6 பேர் இறந்தார்கள்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒண்ணுதான். நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பருவமழைக்குத் தேதி இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தப் பகுதியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே 1,400 சொச்சம்தான். தேதி தெரிந்த ஒன்று எப்படி ஒவ்வொரு வருடமும் 'அவசரநிலை' ஆகிறது? இந்தக் கேள்வியோடு ஸ்ஃபியர் கையேட்டைப் படிக்க உட்கார்ந்தேன். மனிதாபிமான உதவித் துறைக்கு அதுதான் அடிப்படை நூல். இந்தப் பதிவு அந்த நூலின் மீதான விமர்சனம்தான். துறையில் வேலை பார்க்காத, வெளியிலிருந்து படிக்கிற ஒரு என்ஜினியரின் விமர்சனம்.

ஏன் எழுதப்பட்டது

முதலில் நூலுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி கோமா என்ற ஊருக்கு ஓடினார்கள். அது இன்றைய காங்கோவில் இருக்கிறது. எரிமலைப் பாறைத் தரை, கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை. காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள். உதவி நிறுவனங்கள் அங்கே இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தன. ஆனால் எது குறைந்தபட்சம் என்று அவர்களுக்குள் பொதுவான அளவுகோல் கிடையாது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1997-ல் ஸ்ஃபியர் திட்டம் ஆரம்பித்தது. முதல் பதிப்பு 2000-ல் வந்தது, நான்காவது 2018-ல்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. கூரைக்குக் கீழே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். பாதை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்த்து முகாமில் ஆளுக்கு 45 சதுர மீட்டர். எங்க தொழிலில் இதை ஸ்பெக் என்போம். சோதித்துப் பார்க்கலாம், தேறலைன்னா தேறலைன்னு சொல்லலாம். 'நல்லா பார்த்துக்கணும்' என்கிற நல்லெண்ணப் பேச்சைவிட இது பல மடங்கு மேல்.

இந்த ஒழுங்கு உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குள் வந்தார்கள். அந்த அக்டோபரிலேயே 9 லட்சம் டோஸ் காலரா தடுப்பு மருந்து இறக்கப்பட்டு, முதல் சுற்றில் சுமார் 7 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வளவு நெரிசலிலும் இன்னொரு கோமா நடக்கவில்லை. இது சாதாரண விஷயமே இல்லை.

45-ம் 10.7-ம்

அப்புறம் என்ன குறை? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, குட்டுபாலோங் பெருமுகாமில் ஆளுக்குக் கிடைத்த பயன்படுத்தக்கூடிய இடம் சராசரியாக 10.7 சதுர மீட்டர். கையேடு சொல்வது 45. நாலில் ஒரு பங்குகூட இல்லை. 'அளவு குறைவு, நெருக்கடி ஜாஸ்தி' என்று நாம் கடந்துபோய்விடுவோம். விஷயம் அதோடு முடியவில்லை.

நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து கழிப்பறைக் குழி குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கையேட்டின் இன்னொரு விதி. ஒரு குழாய்க்கிணற்றைச் சுற்றி 30 மீட்டர் வட்டம் போடுங்கள். பரப்பு ஏறத்தாழ 2,830 சதுர மீட்டர். ஆளுக்கு 45 என்றால் அந்த வட்டத்துக்குள் 63 பேர். அவர்களுக்கு நான்கு கழிப்பறை போதும், வட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்துவிடலாம். ஆளுக்கு 10.7 என்றால் அதே வட்டத்துக்குள் 264 பேர். அவர்களுக்கு 14 கழிப்பறை வேண்டும். வெளியே தள்ளலாம் என்றால் அங்கே அடுத்த கிணற்றின் வட்டம் வந்து நிற்கிறது, அதிலும் இதே கூட்டம். வீட்டிலிருந்து கழிப்பறை 50 மீட்டருக்குள் இருக்கணும்னு வேற ஒரு விதி.

அதாவது 45 என்ற ஓர் எண் உடைந்தால், கூடவே மற்ற விதிகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கின்றன. எவ்வளவு பணம் வந்தாலும், எவ்வளவு திறமையான ஆட்கள் வந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியில்லை. மழையில் நிலத்தடி நீர் ஏறி, குழிகள் நிரம்பி வழியும்போது இந்த முரண்பாடு தண்ணீர்க் குடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆழமற்ற குழாய்க்கிணறுகளை விட்டு ஆழ்துளைக் கிணறு, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்று பின்னால் போனது இதனால்தான்.

தண்ணீர், அரிசி, மருந்து, தார்ப்பாய் எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவரலாம். நிலத்தைக் கொண்டுவர முடியாது, அதை ஓர் அரசுதான் கொடுக்க முடியும். கையேடோ 15 லிட்டரையும் 45 சதுர மீட்டரையும் ஒரே தொனியில் 'குறியீடு' என்று எழுதிவிட்டுப் போகிறது. எது உதவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது, எது அரசின் கையில் இருக்கிறது என்ற வித்தியாசம் அந்த எண்களில் தெரிவதே இல்லை. என் முதல் விமர்சனம் இது.

வடிகால் எங்கே?

இரண்டாவது, பதிப்புகளை ஒப்பிட்டபோது கண்ணில் பட்டது. 2011 பதிப்பில் தண்ணீர், சுகாதார அத்தியாயத்தில் வடிகாலுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. 2018 பதிப்பில் அந்தப் பிரிவு இல்லை. வடிகால் பற்றிய பேச்சு அங்கங்கே மற்ற தலைப்புகளுக்குள் கலந்திருக்கிறது. விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பு போனால் பொறுப்பாளர் போவார், பட்ஜெட் வரியும் போகும். ஆபீஸில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

அதே 2011 பதிப்பு, முகாம் நிலத்தின் சரிவு 1 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நூறு மீட்டர் நடந்தால் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. குட்டுபாலோங் இருப்பதோ இறுக்கமில்லாத மணலும் களிமண்ணும் சேர்ந்த குன்றுகள் மேல். மரம் வெட்டி, சரிவைப் படிப்படியாகச் செதுக்கி, குடிசை போட்டார்கள். அடுப்பெரிக்க விறகு தீர்ந்ததும் வேரையும் தோண்டினார்கள். மண்ணைப் பிடித்திருந்ததே அந்த வேர்தான்.

அதனால் அங்கே நடந்த மழைக்கால உதவிகளில் ரொம்ப முக்கியமான ஒன்று, மழைக்கால உதவி என்ற பெயரிலேயே வரவில்லை. 2018 ஆகஸ்டிலிருந்து கொடுக்க ஆரம்பித்த சமையல் கேஸ் சிலிண்டரைத்தான் சொல்கிறேன். கேஸ் வந்ததால் விறகுத் தேவை குறைந்தது, வேர் தப்பித்தது. கூடவே சரிவுகளில் வெட்டிவேர் நட்டார்கள். ஆங்கிலத்துக்கே நம் மொழியிலிருந்து போன சொல் அது. அதன் வேர் மீட்டர் கணக்கில் நேராகக் கீழே இறங்கி மண்ணைக் கட்டும். நட்டவர்களில் பலர் அகதிகள்தான். செய்திப் படங்களில் மட்டும் நாம் பார்ப்பது தார்ப்பாய்.

தற்காலிகம் என்ற சொல்

செங்கல், சிமெண்ட் வைத்து வீடு கட்ட அந்த முகாம்களில் அனுமதி இல்லை. மூங்கிலும் தார்ப்பாயும்தான். நிரந்தரக் கட்டடம் வந்தால் ஆட்கள் நிரந்தரமாகிவிடுவார்கள் என்பது வங்கதேச அரசின் கவலை. அதை எளிதாகத் திட்டிவிட முடியாது. ஏற்கெனவே நெரிசலான ஒரு ஏழை நாடு, பணக்கார நாடுகள் செய்யாததைச் செய்தது. விரட்டியது மியான்மர்.

ஆனால் அந்தக் கவலைக்கான விலையைக் கட்டுவது யார்? பதப்படுத்தாத மூங்கிலை வண்டு அரிக்கிறது, வெயிலில் தார்ப்பாய் நைந்துபோகிறது. ஒவ்வொரு மே மாதமும் திரும்பக் கட்டு, திரும்பக் கொடு, திரும்ப நன்கொடை கேள். 'இப்போதைக்கு இருக்கட்டும், பின்னாடி சரிபண்ணிக்கலாம்' என்று போட்ட கோடுதான் பத்து வருடம் ஓடும் என்று எங்கள் துறையில் சிரித்துக்கொள்வோம். இங்கே அதுக்குள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள்.

இது எங்கே போய் முடியும் என்பதைப் பார்க்க, எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். 2012 வன்முறைக்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் சுமார் 1,40,000 பேர், பெரும்பாலும் ரோஹிங்யாக்கள், முகாம்களுக்குத் தள்ளப்பட்டார்கள். சித்வே ஊரைச் சுற்றி மூங்கிலில் நீளக் கொட்டகைகள் போட்டார்கள். அவற்றின் ஆயுள் இரண்டு வருடம் என்றுதான் திட்டம். 2023 மே 14 அன்று, பருவமழைக்குச் சற்று முன்பு, மோக்கா புயல் கரையேறியது. ராணுவ அரசே ஒப்புக்கொண்ட சாவு 145. அதில் 117 பேர் ரோஹிங்யாக்கள், அந்தப் பெயரை அரசு உச்சரிக்கவில்லை என்றாலும். இரண்டு வருடத்துக்கான கொட்டகைகளில் பதினோராவது வருடம் இருந்தவர்கள். விருப்பப்பட்ட இடத்துக்குப் போகவும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

அப்போ கான்கிரீட் போதுமா?

போதாது. பாஷன் சார் தீவே பதில். மேக்னா ஆற்று வண்டலில் 2006 வாக்கில் கடலில் எழுந்த தீவு அது. ஒரு லட்சம் பேருக்கென்று வங்கதேசம் அங்கே கான்கிரீட் வீடுகளும் 120 புயல் காப்பகங்களும் கட்டியது. 2020 டிசம்பர் 4 அன்று முதல் தொகுதியாக 1,642 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். கையேட்டை வைத்து டிக் அடித்தால் குட்டுபாலோங்கைவிட அதிக மார்க் வாங்கும். ஆனால் நினைத்தபோது வெளியே போக முடியாது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கரையோடு தொடர்பும் சிரமம். 2021 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பிக்கப் பார்த்தவர்களின் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். ஒழுகாத கூரையை விட்டுவிட்டு எதற்காகப் படகில் ஏறினார்கள்? அதைக் கேட்பதற்குக் கையேட்டின் எண்களில் கட்டம் இல்லை. நிலத்தில் இருக்கும் உரிமையின் பாதுகாப்பு பற்றி ஒரு தரநிலை இருக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு 15 லிட்டர் மாதிரி யாரும் மார்க் போடுவதில்லை.

தார்ப்பாய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஜூனில் நானும் அதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், அடுத்த ஜூனிலும் அனுப்புவேன். ஆனால் இனி வேண்டுகோள் வரும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதாக இருக்கிறேன். ஆளுக்கு எவ்வளவு நிலம்? தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது? தண்ணீர் ஏறினால் அங்கிருக்கிறவர்கள் கிளம்பிப் போக முடியுமா? மழைக்குத் தேதி இருக்கிற மாதிரி, இந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்லவேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். கையேட்டின் அடுத்த பதிப்பில் அவர்களுக்கென்று ஒரு பத்தி இருந்தால் நல்லது.