ஒரு பாட்டு, இரண்டு பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நான் வழக்கம்போல் நீலகேசி பற்றியோ யசோதர காவியம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை பின்லாந்து நாட்டு ராக் இசைக் குழு ஒன்றின் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செயலாளர், "என்ன நயினார், விளையாடறீங்களா?" என்றார். விளையாட்டு இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வரும் ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் இருப்பதுதான் எனக்கு நேர்மைக் குறைவாகப் பட்டது.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1982இல் பம்பாய்க்கு வந்து, மாமாவின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது இருபது. 1986 வாக்கில் கோட்டைப் பகுதி நடைபாதையில், அட்டை இல்லாத பழைய கேசட் ஒன்றை, காலி நாடாவாகப் பயன்படும் என்று நினைத்து வாங்கினேன். ஊரில் மாமியின் தாலாட்டைப் பதிவு செய்துகொள்ள ஆசை. பதிவு செய்வதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். தாலாட்டுக்கு வேறு கேசட் வாங்க வேண்டியதாயிற்று.

பாடுகிறவர்கள் ஆங்கிலேயர்கள் என்றே ஐந்தாறு வருஷம் நினைத்திருந்தேன். பிறகுதான் பெயர் தெரிந்தது: ஹனோய் ராக்ஸ். ஹெல்சின்கியில் 1979-80 வாக்கில் உருவான குழு. பாடகர் மைக்கேல் மன்றோ. சாக்ஸபோனும் ஹார்மோனிகாவும் வாசிப்பவர். பிறந்தது 1962, என் வயதுதான். கிட்டார் ஆண்டி மெக்காய். ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் எழுதியவர் அவரே. இரண்டும் வைத்துக்கொண்ட பெயர்கள். உண்மைப் பெயர்கள் மத்தி ஃபாகர்ஹோம், அந்தி ஹுல்கோ. இவர்கள் பாணிக்கு கிளாம் ராக் என்று பெயர். ஆண்கள் உதட்டுச் சாயமும் கண்மையும் பூசி, கழுத்துத் துணி, வளையல், மினுக்குச் சட்டையோடு மேடை ஏறுவார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய திரௌபதியாக நின்ற ஆண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இருக்கவில்லை. அரிதாரம் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா, அடவு சுத்தமா என்பதுதான் கேள்வி.

இவர்களை ஸ்காண்டிநேவியக் குழு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு திருத்தம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பின்னிஷ் மொழிக்கும் ஸ்வீடிஷ், நார்வேஜிய மொழிகளுக்கும் உறவில்லை. அது எஸ்டோனிய, ஹங்கேரிய மொழிகளின் சுற்றம். நம்மவர்களுக்கு இதில் ஓர் ஒட்டுதல் உண்டு. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் 'சித்திய' இனத்தோடு உறவுபடுத்தியபோது, பின்னிஷ் மொழியையும் அந்த இனத்தில்தான் வைத்தார். அந்தக் கொள்கையை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆனால் ஹெல்சின்கிப் பேராசிரியர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு 2010இல் கோவை மாநாட்டில் செம்மொழி விருது கொடுத்தார்களே, அந்த ஊர்ப் பையன்கள்தான் இவர்கள்.

இலக்கணத்தை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரை ஒரு எதிர்மறையைப் பற்றியது.

குழுவின் முதல் தட்டு 1981இல் வந்தது: 'பாங்காக் ஷாக்ஸ், சைகோன் ஷேக்ஸ், ஹனோய் ராக்ஸ்'. மூன்று கீழ்த்திசை நகரங்களின் பெயர் வைத்தவர்கள், அதற்கு முன் ஸ்டாக்ஹோமில் வீடு வாசல் இல்லாமல் தெருவிலும் பாதாள ரயில் நிலையங்களிலும் காலம் தள்ளிய பையன்கள். ஊர்ப்பெயர்கள் வெறும் ஓசைக்காக வந்தவை. வியட்நாம் பற்றித் தட்டில் ஏதும் தேட வேண்டாம். அதில் 'டோன்ட் நெவர் லீவ் மீ' என்று ஒரு மெதுநடைப் பாட்டு. மூன்று ஆண்டு கழித்து, 1984இல், 'டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த மூவ்' என்ற தட்டில் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். இம்முறை தலைப்பு: 'டோன்ட் யூ எவர் லீவ் மீ'.

ரசிகர்கள் இதை ஒரு சின்ன விவரமாகக் கடந்து போகிறார்கள். சிந்தாமணிப் பதிப்பில் உ.வே.சா. பட்ட பாட்டைப் படித்து வளர்ந்தவனுக்கு அப்படிக் கடக்க முடியாது. இது பாட வேறுபாடு. எந்தப் பாடம் கொள்ளத் தக்கது என்று கேட்டாக வேண்டும்.

முதல் பாடம் பள்ளிக்கூட இலக்கணப்படி பிழை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும். 'இல்லாமல் இல்லை' என்பது போல. 'என்னைப் பிரி' என்று பொருள் வந்து தொலைக்கும்! தாய்மொழிப் பழக்கத்தால் வந்த பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் சரியில்லை. பின்னிஷில் எதிர்மறை என்பதே ஒரு வினைச்சொல். தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப அது திரியும். நம் பழந்தமிழில் அறியேன், அறியாய், அறியான் என்று எதிர்மறை வினை இடம் காட்டவில்லையா, ஏறக்குறைய அந்த மாதிரி. அந்த ஒரு வினை வந்துவிட்டால் போதும். 'ஒருபோதும்' என்பதற்கான சொல் இன்னொரு எதிர்மறையைக் கொண்டு வராது. ஆகவே இந்த இரட்டை எதிர்மறை அவர்கள் வீட்டிலிருந்து வந்ததும் அன்று, பள்ளியிலிருந்து வந்ததும் அன்று. அமெரிக்க ப்ளூஸ் தட்டுகளிலிருந்தும் ராக் அண்ட் ரோல் தட்டுகளிலிருந்தும் வந்தது. அங்கே தெருப் பேச்சில் இரண்டு எதிர்மறை ஒன்றையொன்று வெட்டாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுத்தும். இந்தப் பையன்கள் ஆங்கிலத்தைக் காதால் பிடித்தவர்கள். பம்பாய்க்கு வந்த புதிதில் நான் 'மேரா துகான்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடை என்பது இந்தியில் பெண்பால் என்று என் மகன் திருத்தும் வரை இருபது வருஷம் அப்படியே சொன்னேன். அந்த இந்தியில்தான் கடன் வாங்கினேன், கொடுத்தேன், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தேன்.

அந்த முதல் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஒலி மெலிசு. பாடகரின் குரல் சில இடங்களில் சுருதியின் ஓரத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் கெஞ்சல் யாரையும் பார்த்துச் சொல்லப்படவில்லை. காலி அறையில் சொல்வது போல் இருக்கிறது. இரண்டாம் பாடத்தில் 'யூ' என்ற சொல் நுழைந்ததும் எதிரே ஓர் ஆள் வந்துவிடுகிறார். ஆங்கிலம் அறிந்தவர்களுக்குத் தெரியும், 'டோன்ட் யூ எவர்' என்று தொடங்கினால் அதில் கொஞ்சம் மிரட்டலும் ஏறிவிடும். "இன்னொரு வாட்டி இப்படிச் செஞ்சே, பாரு" என்பது போல. இலக்கணம் சரியாயிற்று, பாவம் மாறிவிட்டது.

இடையில் வந்த தட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982இல் லண்டனில் பதிவான 'ஓரியண்டல் பீட்'. நல்ல பாட்டுகள், மோசமான ஒலிக்கலவை. குழுவினருக்கே திருப்தி இல்லை. அதே ஆண்டு 'செல்ஃப் டிஸ்ட்ரக்ஷன் ப்ளூஸ்', தனிப் பாட்டுகளின் தொகுப்பு. இதில் ஒரு வேடிக்கை: அட்டைப் படத்தில் புதிய டிரம்மர் ராஸில் நிற்கிறார்; உள்ளே வாசித்திருப்பது பழைய டிரம்மர், ஸ்வீடன்காரர் ஜிப் கசினோ. அட்டையை நம்பி ஏட்டுக்குக் காலம் குறிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என் கேசட்டில் இருந்தது அடுத்தது: 1983இன் 'பேக் டு மிஸ்டரி சிட்டி'. மாட் த ஹூப்பிள் என்ற முந்திய தலைமுறை ஆங்கிலக் குழுவின் ஓவரெண்ட் வாட்ஸ், டேல் கிரிஃபின் இருவரும் தயாரித்தது. முதலில் மென்மையாக ஒரு சிறு முகப்பிசை வரும்; கோயில் மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். சட்டென்று 'மாலிபு பீச் நைட்மேர்' வெடிக்கும். முதல் முறை கேட்டபோது டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். 'டூட்டிங் பெக் ரெக்' என்ற பாட்டின் பெயரில் வருவது தெற்கு லண்டனில் அவர்கள் கூட்டமாகக் குடியிருந்த பகுதி. தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் முறை வைத்துத் தூங்கிய காலத்தில் எனக்கு அது தெரியாது. ஆனால் அந்தப் பாட்டில் இடம் போதாத ஒரு நெரிசல் இருப்பது மட்டும் காதுக்குப் புரிந்தது. 'அண்டில் ஐ கெட் யூ'வில் மெக்காயின் மெட்டு அமைக்கும் கை தெளிவாகத் தெரிகிறது: சோகமான வரிசையை எடுத்து, ஓட்டத்தைக் குறைக்காமலேயே பாட விடுகிறார். அழுதுகொண்டே வேகமாக நடக்கிறவனைப் போல. ராஸில் வாசிப்பு பகட்டில்லாதது. மற்ற நான்கு பேரும் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் வைத்திருக்கிறது. கை தேறிவிட்டது, மொழி இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்து இருந்தது இந்த ஒரு தட்டில்தான். இதுவே அவர்களின் ஆகச் சிறந்த தட்டு என்பது என் தீர்ப்பு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதில்லை.

அவர்கள் முதலிடம் கொடுப்பது 'டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த மூவ்'க்கு. சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், பிங்க் ஃப்ளாய்டின் 'த வால்' தயாரிப்பில் பங்கு கொண்டவர். பாட்டுச் சொற்களைச் செப்பனிட மாட் த ஹூப்பிளின் இயன் ஹன்டரையும் வரவழைத்தார். எஸ்ரின் கெடுத்துவிட்டார் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. 'மில்லியன் மைல்ஸ் அவே' அவர் கையில்லாமல் அவ்வளவு தூரம் விரிந்திருக்காது. க்ரீடென்ஸ் குழுவின் பழைய பாட்டான 'அப் அரவுண்ட் த பெண்ட்'டைப் புதுக் குதிரை போல் ஓடவிட்டிருக்கிறார். ஆனால் என் தொழிலில் ஒன்று தெரியும். பாலிஷ் ஏறிய பாத்திரத்தைக் கண்ணால் பார்த்துத் தகட்டின் கனம் சொல்ல முடியாது. விரல் முட்டியால் தட்டித்தான் சொல்ல வேண்டும். 'டோன்ட் யூ எவர் லீவ் மீ'யைத் தட்டினால், 1981இல் இருந்ததைவிட மெலிசான சத்தம் வருகிறது.

இதை ரசிகர்கள் கேட்காமல் போனதற்குக் காரணம் 1984 டிசம்பர் 8. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மன்றோவின் கணுக்கால் முறிந்து நிகழ்ச்சிகள் நின்றிருந்த நேரம். மாட்லி க்ரூ குழுவின் பாடகர் வின்ஸ் நீல், குடித்துவிட்டு ஓட்டிய காரில் ராஸிலையும் ஏற்றிக்கொண்டு மேலும் மது வாங்கப் போனார். கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில் விபத்து. ராஸில் இறந்தார், 24 வயது முடிந்து ஆறே நாள். ஓட்டியவருக்குக் கிடைத்தது 30 நாள் சிறைத் தண்டனை. குழு 1985இல் கலைந்தது. அன்றிலிருந்து அந்தக் கடைசித் தட்டை யார் தராசில் வைத்தாலும், கூடவே ஒரு இறப்பையும் எடைக்கல்லாகப் போட்டுவிடுகிறார்கள். தலைப்பே சகுனம் என்கிறார்கள். இறந்தவருக்கு இது மரியாதை ஆகாது. ராஸிலின் நல்ல வாசிப்பைக் கேட்க வேண்டுமானால் 'மிஸ்டரி சிட்டி'யையும், 1983 டிசம்பரில் லண்டன் மார்க்கீ கிளப்பில் பதிவான 'ஆல் தோஸ் வேஸ்டட் இயர்ஸ்' நேரடித் தட்டையும் கேளுங்கள். அங்கே அவர் உயிரோடு இருக்கிறார்.

வீட்டில் கேட்பார்கள்: "பொழுது சாஞ்சா சாப்பிடாத மனுஷன், குடிகாரங்க பாட்டைக் கேக்கறீங்களே?" நியாயமான கேள்விதான். குடியையும் போதையையும் நான் எந்த வகையிலும் ஒப்பவில்லை. அதன் விலை என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் திருத்தக்கதேவர் கதை எங்கள் வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட கதை. துறவிக்குச் சிருங்காரம் பாட வருமா என்று கேட்டவர்களுக்கு அவர் சிந்தாமணியைக் கொடுத்தார். அனுபவிக்காமல் எப்படிப் பாடினார் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு முன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொட்டார் என்பார்கள். பாட்டை வைத்துப் பாடியவனின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதிய அவசரம் அது. வாழ்க்கையை வைத்துப் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதும் அவசரம் இன்னொரு பக்கம் நடக்கிறது.

2002க்குப் பிறகு மன்றோவும் மெக்காயும் புதிய ஆட்களோடு மூன்று தட்டுகள் போட்டார்கள், 2009இல் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றிலும் 2007இன் 'ஸ்ட்ரீட் பொயட்ரி' தேவலை. மற்ற இரண்டையும் ஒவ்வொரு தடவை கேட்டால் போதும். 2022 செப்டம்பரில் மன்றோவின் அறுபதாவது பிறந்தநாள் நிகழ்ச்சியில், முதல் தட்டின் ஐந்து பேரும் ஹெல்சின்கி மேடையில் ஒன்றுகூடினார்கள். கிட்டார் வாசித்த நாஸ்டி சூசைட் இடையில் படித்து மருந்தாளுநர் ஆனவர். ஜிப் கசினோ மறுபடி டிரம்ஸில் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டு 'ஓரியண்டல் பீட்'டை அசல் நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். மகன் கைப்பேசியில் அதைப் போட்டுக் கொடுத்தான். கல்லாவில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டேன். நாற்பது வருஷம் மங்கலாகக் கேட்ட கிட்டார்கள் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. வாடிக்கையாளர் ஒருவர் இட்லிப் பானை விலை கேட்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. முதல் தட்டின் அசல் நாடாக்களையும் யாராவது அப்படிக் கலந்து தருவார்களா என்று காத்திருக்கிறேன். தலைப்பில் மட்டும் கை வைக்காமல் இருந்தால் சரி.