வாழ்த்தும் பகைமையும்: ‘கிறிஸ்மஸ் மீதான போர்’ என்னும் கூற்று பற்றிய திறனாய்வு

திருவருகைக் காலந்தோறும் நமது பிரசங்க பீடங்களில் ஒரு குற்றச்சாட்டு ஒலிக்கின்றது. மேனாடுகளில் வணிகரும் அரசு அலுவலரும் கிறிஸ்மஸ் வாழ்த்தை விடுத்து ‘ஹாப்பி ஹாலிடேஸ்’ என்னும் பொதுவாழ்த்தைக் கூறுகின்றனர். இது கிறிஸ்துவின் பெயரை அகற்றும் சூழ்ச்சி என்பது அதன் சாரம். அமெரிக்கத் தொலைக்காட்சியாளர் ஜான் கிப்சன் 2005-இல் வெளியிட்ட ‘கிறிஸ்மஸ் மீதான போர்’ என்ற நூல் இக்கூற்றைப் பரப்பியவற்றுள் ஒன்று. இன்று பாளையம்பட்டி போன்ற கரிசற்காட்டு ஊர்களுக்கும் அலைபேசி வழியே வந்தடையும் இதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் போதகர் கடனாகும்.

முதலாவது, வரலாற்றைக் காண்போம். இப்பண்டிகையைச் சட்டத்தால் தடுத்தோர் அவிசுவாசிகள் அல்லர். 1647-இல் இங்கிலாந்தின் தூய்மைவாதப் பாராளுமன்றம் இதனை ஒழித்தது. மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, அந்நாளில் வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் தண்டம் விதிக்கச் சட்டம் இருந்தது. அம்மரபின் வழிவந்த சபையாரே 1834-இல் அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கினர். அம்மிஷனே பின்னர்த் திருச்சுழிப் பகுதியிலுள்ள மண்டபசாலையில் நிலையம் அமைத்தது. மிஷன் தொடங்கிய காலத்தில் மாசாசூசெட்ஸில் டிசம்பர் 25 அரசு விடுமுறைகூட அன்று, 1856-இலேதான் அவ்வாறாயிற்று. ஆதலின் பண்டிகைக்குக் கிடைக்கும் பொதுமதிப்பு விசுவாசத்தின் அளவுகோல் ஆகாது.

இரண்டாவது, சான்றுகளின் தரம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 1997, 1998 ஆண்டுகளில் கிறிஸ்மஸின் பெயரையே ‘விண்டர்வல்’ என மாற்றியதாக நெடுங்காலம் கூறப்பட்டது. உண்மையில் அது பல வார நிகழ்ச்சித் தொடருக்கு இடப்பட்ட பெயர். அதனுள் கிறிஸ்மஸ் தன் பெயருடனேயே விளங்கிற்று. இக்கதையை வெளியிட்ட டெய்லி மெயில் நாளேடே 2011-இல் திருத்தம் வெளியிட்டது. வணிகம் பண்டிகையை வெறுமையாக்குகின்றது என்ற கவலையில் உண்மையுண்டு. ஆயினும் வணிகர் வாயில் ‘கிறிஸ்மஸ்’ என்ற சொல் நிலைத்திருப்பதால் துணி விற்பனை பெருகுமேயன்றிச் சீஷத்துவம் பெருகாது.

மூன்றாவது, பகைமை எது என்ற வினா. 2021 கிறிஸ்மஸ் காலத்தில் அரியானாவின் அம்பாலாவில் ஆலய வளாகத்திலிருந்த இயேசுவின் சிலை உடைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் பாலக்காடு மாவட்டம் நல்லேப்பிள்ளி அரசுப் பள்ளியில் கிறிஸ்மஸ் விழாவை எதிர்த்து ஆசிரியர்களை ஏசியதாக மூவர் கைது செய்யப்பட்டனர். இவை பகைமைச் செயல்கள். கடையில் கேட்ட பொதுவாழ்த்தையும் இவற்றோடு ஒரே பெயரால் அழைப்போமானால், துன்புற்றோரின் சாட்சியத்தை நாமே மலிவாக்குகிறோம்.

நான்காவது, இருவேறு அளவை. 2021-இல் முதலமைச்சரான மு. க. ஸ்டாலின் கிறிஸ்மஸுக்கு வாழ்த்துக் கூறித் தீபாவளிக்குக் கூறுவதில்லை என எதிர்க்கட்சியினர் குறை கூறினர். வாழ்த்தாமையே பகைமை என்போமானால், அக்குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்; அன்று என்போமானால், அமெரிக்க வணிகரின் பொதுவாழ்த்தும் பகைமையன்று. நாம் அளக்கும் அளவாலேயே நமக்கும் அளக்கப்படும் என்பது ஆண்டவர் போதனை (மத். 7:2). பெரும்பான்மையினராய் வாழ்வோரின் மனத்தாங்கலைச் சிறுபான்மையினராகிய நாம் கடன்வாங்கிப் பேசுவது பொருத்தமுமன்று. நமக்கு எதிராகவே அது திரும்பக்கூடும்.

சகோதரரை மட்டும் வாழ்த்துவதில் சிறப்பு யாது என வினவியவர் நம் ஆண்டவரே (மத். 5:47). தேவதூதன் அறிவித்த நற்செய்தியும் எல்லா மக்களுக்கும் உரியது (லூக். 2:10). ஆகவே நம்மை எவர் எச்சொல்லால் வாழ்த்தவில்லை எனக் கணக்கெடுப்பது திருச்சபையின் வேலையன்று. அண்டைவீட்டார் பொங்கலன்று நம்மிடமிருந்து ஒரு வாழ்த்தைப் பெற்றனரா, நம் பண்டிகைப் பலகாரம் தெருவின் மறுகோடி வரை சென்றதா, இழிவுபடுத்தப்பட்ட பிற சமயத்தாருக்காக நாம் வாய்திறந்தோமா என்பவையே சபையார்முன் போதகர் வைக்கவேண்டிய வினாக்கள். இடமில்லாத சத்திரத்தைக் கண்டும் வர மறுக்காதவருக்கு, ஒரு சொல்லின் இழப்பால் குறைவு நேராது.