தோற்றவன் வைத்த பணயம்: கூத்து, தறி, ரம்மி

1

விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழிப்பது என்றாலே நம் கோட்பாட்டு நண்பர்களுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது. ரபலே பற்றிய பக்தினின் நூல் (1965) அதற்குக் கை கொடுத்தது. திருவிழாக் களியாட்டத்தில் மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, எல்லோரும் அதை வாழ்கிறார்கள் என்று அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, தெருக்கூத்திலிருந்து சாமியாட்டம் வரை அத்தனைக்கும் அந்தச் சட்டையை மாட்டிவிட்டார்கள். கோடு அழிந்தால் அதிகாரமும் அழியும் என்பது இந்த வாதத்தின் சொல்லப்படாத முடிவு. அப்படியா? கோடு அழிந்ததில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்காமல் இதைச் சொல்லிவிட முடியுமா? ஆரணி மாதிரி ஒரு பட்டு நெசவு ஊரை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் விடை வேறாக வருகிறது.

எதிர்முனையில் நிற்பவர் டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹூய்சிங்கா. 1938இல் வெளிவந்த அவருடைய ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலின்படி விளையாட்டு அன்றாட வாழ்வுக்கு வெளியே நிற்பது. தனக்கென ஓர் இடமும் நேரமும் விதியும் கொண்டது. பிள்ளைகள் பாண்டி ஆடத் தரையில் கிழிக்கும் கோடு மாதிரி. உள்ளே இருந்தால் அது கட்டம், வெளியே இருந்தால் வெறும் மண். ரோஜே கய்வா 1958இல் இன்னும் ஒரு படி போய், அன்றாட வாழ்க்கை உள்ளே கலந்தால் விளையாட்டு கெட்டுப்போகிறது என்றார். இவர்களைத் தூய்மைவாதிகள் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் ஹூய்சிங்காவிடம் நமக்கு வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன் வேறு, ஆட்டத்தையே கலைக்கிறவன் வேறு. முன்னவன் விதியை மீறினாலும் மதிப்பதுபோல நடிக்கிறான். ஆகவே அவனைச் சகித்துக்கொள்வார்கள். ‘இது ஆட்டமே இல்லை’ என்று எழுந்து நிற்கிறவனைத்தான் யாராலும் சகிக்க முடிவதில்லை. இந்த வேறுபாட்டோடு பாரதக் கூத்துக்குள் போகலாம்.

2

பழைய வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டப் பகுதிகளில் திரௌபதை அம்மன் கோயில்களில் நடக்கும் அக்கினி வசந்த விழாவை ஜனங்கள் ‘பாரதம் வெச்சிருக்காங்க’ என்றுதான் சொல்கிறார்கள். பகலில் வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ வைத்துப் பிரசங்கம். இரவில் விடிய விடியக் கூத்து. கடைசியில் படுகளமும் தீமிதியும். புகழ்பெற்ற கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் புரிசை, ஆரணியை அடுத்த செய்யாறு வட்டத்து ஊர்.

இந்த ஆட்டம் கொட்டகையோடு நிற்பதில்லை. பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன் வண்டியில் ஏறி ஊர்த் தெருக்களில் வருகிறான். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் தபசு மரத்தில் நிஜமாகவே ஏறுகிறார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம் பழத்துக்குக் கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பேருருவாகக் கிடக்கிறான். அவன் தொடை பிளந்த பிறகுதான் திரௌபதை கூந்தலை முடிக்கிறாள். இதே பகுதியில் சாவுச் சடங்கில் கர்ண மோட்சம் ஆடுகிற வழக்கமும் உண்டு. ஆடிக்காட்டும் சாவு, நடந்துவிட்ட சாவுக்கு வழி செய்து கொடுக்கிறது.

களியாட்ட அன்பர்களுக்கு இது போதும். ஆனால் கூத்து கோட்டை அழிக்கிறதா? நான் பார்த்தவரை அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கோட்டைத் திரும்பத் திரும்பக் கிழித்துக் காட்டுகிறது. வேஷம் திரைக்குப் பின்னால் நின்று வருகிறது. அந்தத் திரையை இரண்டு ஆட்கள் கையில் பிடித்துக்கொண்டிருப்பதும் தெரிகிறது. ராஜா தன் பெருமையைப் பாடும்போது கட்டியங்காரன் குறுக்கே விழுந்து, ‘இன்னா ராஜா, எந்த ஊரு நீ?’ என்கிற தோரணையில் உள்ளூர் வம்பை இழுக்கிறான். துகில் உரியும் இரவில் இது உச்சத்துக்குப் போகிறது. சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொள்கிறார். இது ஆட்டம்தான், ஆனாலும் வெறும் ஆட்டமில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு ஆடுகிறார்.

குரங்குகளின் செல்லக் கடியைக் கவனித்த கிரெகரி பேட்ஸன், ‘இது விளையாட்டு’ என்ற செய்தி பரிமாறப்படாமல் விளையாட்டே சாத்தியமில்லை என்று 1955இல் எழுதினார். கூத்து அந்தச் செய்தியை அனுப்ப மறப்பதில்லை. எல்லையைத் தாண்டுகிறது; தாண்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டுகிறது.

3

அந்த இரவில் ஆடப்படும் கதையோ, அறிவிப்பில்லாமல் எல்லை தாண்டிய ஒரு விளையாட்டின் கதை. விருந்துக்கு வந்த இடத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய சூது, நாடு, தம்பிமார், தன்னுடல், கடைசியில் பெண்டாட்டி என்று போகிறது. ஒவ்வொரு உருட்டுக்கும் விதி இருக்கிறது. சகுனி அழுகுணி ஆடுகிறான் என்று தெரிந்தும் சபை சகித்துக்கொள்கிறது.

அப்போது பாஞ்சாலி ஒரு கேள்வி அனுப்புகிறாள்: தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? இதை வெறும் சட்ட நுணுக்கமாகவே படித்துப் பழகிவிட்டோம். தன்னையே இழந்தவனுக்குப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதுதான் அதன் பொருள். காயில் கள்ளம் உண்டா என்று அவள் கேட்டிருந்தால் அது ஆட்டத்துக்கு உள்ளே நின்று கேட்ட கேள்வி. அவள் கேட்டது ஆட்டத்தின் இருப்பையே தொடுகிறது. ஹூய்சிங்காவின் வகைப்பாட்டில் சகுனி அழுகுணி; அவள் ஆட்டம் கலைப்பவள். சபையில் விகர்ணன், விதுரன் போன்ற ஓரிருவரைத் தவிர ஒருவன் வாய் திறந்து அவள் பக்கம் பேசவில்லை. தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் கையை விரித்தார். பெரிய மனுஷர்கள் பதில் சொல்ல முடியாதபோது சொல்கிற பதில் அது.

இந்தக் கேள்வியை ஊர் நடுவில் ராத்திரியில் எழுப்புவது ஓர் ஆண். பெண் வேஷம் கட்டிய ஆண். ஊர்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கேள்வி அவர்களுடையது, குரல் அவர்களுடையதல்ல. கூத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4

இப்போது தறிக்கு வருவோம். ஆரணிப் பட்டுத் தறி வீட்டுக்குள் இருப்பது. பாவும் ஊடையும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளி கொடுப்பது. கையும் காலும் நெசவாளியுடையது. தொழிற்சாலைக்கு இருப்பதுபோல இங்கே சங்கு இல்லை, கேட் இல்லை. வேலை எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. புடவை உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தால் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் சின்னக் கையாக இருந்தது. கேட்டால், ‘பையன் சும்மா விளையாட்டா பழகறான்’ என்று பதில் வரும். இந்த ‘விளையாட்டா’ என்ற சொல்லைத்தான் நாம் கட்டுடைக்க வேண்டும். கோட்டை அழிக்கிற சொல் இது. ஆனால் அழிக்கிற உரிமை பையனிடம் இல்லை. பாண்டி ஆடும்போது ‘டைம் ப்ளீஸ்’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். தறியில் யாரிடம் சொல்வான்?

அவன் அங்கே உட்கார்ந்ததற்குப் பின்னால் பல வீடுகளில் ஓர் அட்வான்ஸ் இருந்தது. முன்பணம் வாங்கிய அப்பன், அடைக்க முடியாத கடனுக்குள் போனவன், தன் உழைப்பை ஏற்கெனவே இழந்தவன். அவன் அடுத்ததாக வைக்கும் பணயம் பிள்ளை. தோற்றவன் வைத்த பணயம் செல்லுமா? பீஷ்மர் சொல்லாத பதிலை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொன்னது: செல்லாது, அந்தக் கடனைத் திருப்பித் தரும் கடமையே கிடையாது. ஆனால் 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தன் தடையிலிருந்து குடும்பப் பட்டறைக்கு விலக்குத் தந்தது. 2016இன் திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. கூடவே பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை ‘உதவலாம்’ என்றும் சொன்னது. உதவி எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது? கோட்டை மங்கலாக்கும் வேலையைச் சட்டமே பார்த்துக்கொண்டது.

இந்த மங்கலுக்கு இன்னொரு வடிவம் செல்போனில் வந்தது. தறிமேட்டில் உட்கார்ந்தபடியே, ஊடை மாற்றுகிற இடைவெளியில்கூட ஆடக்கூடிய ரம்மி. சீட்டாட்டத்துக்குக் குறைந்தபட்சம் ஓர் இடம் இருந்தது. எழுந்துபோனால் ஆட்டம் முடிந்தது. செயலியில் கடன் வாங்குவதும் ஆடுவதும் ஒரே விரலசைவு. தமிழக அரசு 2020இல் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் கொண்டுவந்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடி மசோதா. 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப் பட்டியலிலிருந்து விடுவித்தது. ரம்மி பெரிதும் திறமை ஆட்டம் என்ற 1967இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த வழக்குகள் நெடுகிலும் நிழலாக வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இத்தனை ஆண்டும் மன்றங்களில் நடந்த விவாதம் திறமையா, அதிர்ஷ்டமா என்பது. இது சகுனியைப் பற்றிய கேள்வி. கடனில் மூழ்கி, அடுத்த கூலியை முன்கூட்டியே இழந்துவிட்டு ஆடுகிறவன் ‘தன் விருப்பத்தால்’ ஆடுகிறானா என்பது பாஞ்சாலியின் கேள்வி. திறமை உள்ளவன்தான் தோற்றான் என்று நிரூபித்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகிவிடுமா?

5

கூத்தை மாதிரியாகக் காட்டுகிறேனே, அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்கலாம். கேட்க வேண்டும். தெருக்கூத்து என்கிறோம், எந்தத் தெரு? ஊர்த் தெருவா, சேரித் தெருவா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விட மறுத்த தகராறில் 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்கு முத்திரை வைத்தது. சபை நடுவே நியாயம் கேட்டவளின் வாசலிலேயே இப்படி. ஆட்டத்தின் வட்டம் என்று ஹூய்சிங்கா சொன்னது நம் ஊரில் சாதியின் வட்டமாகவும் இருக்கிறது. அதை அழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே கோடே வேண்டாம் என்பதும் கோடு புனிதம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே வராதே என்று ஒருவரைத் தடுக்கும் கோடு ஒன்று; இனி நான் ஆடவில்லை என்று ஒருவர் எழுந்துபோக வழிவிடும் கோடு இன்னொன்று. முதலாவதை அழிக்க வேண்டும், இரண்டாவதைக் கிழிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி ‘எல்லை மீறல்’ என்று கொண்டாடும் விமர்சனம், கரை நாடா தள்ளும் பிள்ளையைப் பார்த்து ‘விளையாட்டா பழகறான்’ என்று சொல்லும் குரலோடுதான் போய்ச் சேர்கிறது. எந்த ஆட்டத்தைப் பற்றி எழுதினாலும் இதில் எழுந்துபோக முடியாதவர் யார் என்று கேட்டுவிட்டு எழுதுவோம்.