ஒரே சுரம், இரு குரல்

இரண்டு குரல்கள் ஒரே சுரத்தில் நிற்கும்போது அவற்றிடையே இடைவெளி உண்டா? மேலைநாட்டு இசை இலக்கணம் இந்நிலைக்கு 'யூனிசன்' என்று பெயரிட்டு, சுர இடைவெளிகளின் வரிசையில் முதலாவதாக வைக்கிறது. இதனை நாம் 'ஒருமை' என்போம். தொலைவே இல்லாத ஒன்றை இடைவெளி என்பது முரண் அன்றோ?

முரணே என்றார் இத்தாலிய இசை அறிஞர் ஜோசெஃபோ சர்லினோ. 1558இல் வெனிசில் வெளிவந்த தம் இலக்கண நூலில் அவர் தரும் விளக்கம் இது: தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் நடுவே உள்ள தொலைவே இடைவெளி, ஒருமையில் தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. புள்ளி கோட்டிற்குத் தொடக்கமாயினும் தானே கோடு ஆகாததுபோல, ஒருமையும் இடைவெளிகளின் தொடக்கமேயன்றி இடைவெளி ஆகாது.

தெளிவான வாதம். ஆயினும் இங்கு அவர் சுரத்தை நோக்கிய அளவிற்குப் பாடுவோரை நோக்கவில்லை என்பது நம் கருத்து. மேல் சட்சமம் கீழ்ச் சட்சமத்தோடு 2:1 என்றும், பஞ்சமம் 3:2 என்றும் விகிதம் கொள்கின்றன. ஒருமையின் விகிதம் 1:1. விகிதத்திற்கு இரண்டு எண்கள் வேண்டும். தனியே பாடுபவரின் சுரத்திற்கு விகிதம் ஏது?

1725இல் வியன்னாவில் யோகான் ஃபுக்ஸ் வெளியிட்ட பாடநூலும் இதற்குச் சான்று. இருகுரல் இசை எழுதப் பழகும் மாணவன், முதற் பயிற்சியில், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே ஒருமையைக் கையாளலாம் என்கிறது அந்நூல். இவ்வாறு விதி வகுக்கும் இலக்கணம், ஒருமையை இரு குரல்களின் உறவாகவே எண்ணுகிறது.

செவியும் இதனை உறுதி செய்கிறது. ஒரு தந்தி நொடிக்கு 440 முறையும், மற்றொன்று 443 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு 3 துடிப்புகள் கேட்கும். பியானோவில் பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று தந்திகள் உண்டு. சுருதி சேர்ப்பவர் அத்துடிப்பு அடங்கும்வரை தந்தியை முறுக்குகிறார். ஆக, ஒருமை தானே அமைவதன்று, செவிகொடுத்து அடையப்படுவது.

கிரகோரியன் பாடலை ஒருகுரலாய்ப் பாடும் துறவியரும் இவ்வாறே ஒருவர் மற்றவருக்குச் செவிசாய்க்கின்றனர். நம் பாடகர் குழுக்களோ, நால்வகைக் குரலிசைக்குப் பல மாலைகள் பயில்கின்றன. ஒருகுரல் பாடலுக்குப் பயிற்சி தேவையில்லை என்று விட்டுவிடுகின்றன. அவ்வெண்ணம் திருந்த வேண்டும். 'ஒன்று' என்பதைப் பற்றிச் சர்லினோ சொன்னது சரியே. 'ஒன்றிப்பு' என்பதற்கோ, குறைந்தது இருவர் வேண்டும்.